சாம்பலில் வைத்த புறங்கை

நனைந்த சாம்பலுக்கென்று ஒரு மணம் இருக்கிறது. இரும்பும் உப்பும் கரியும் ஒரே மூச்சில் நெஞ்சுக்குள் இறங்கும். இன்று காலை பக்கத்து வளவில் கூட்டி எரித்த இலைக் குவியலின் மேல் சொல்லாமல் கொள்ளாமல் மழை விழுந்தது. சீ என்று நீண்ட ஒரு சத்தம். பிறகு அந்த மணம் வேலிக்கு மேலால் ஏறி, என் அடுப்படி யன்னலுக்குள் வந்து நின்றது. பாதி உரித்த வெங்காயத்தோடு நான் வெளியே போனேன். படலையைத் திறந்து, பக்கத்து வளவுக்குள் நுழைந்து, குவியலின் அருகே குந்தினேன்.

"என்ன ரீச்சர், ஏதும் விழுந்து போச்சே?" பக்கத்து வீட்டுப் பெண் தலையில் ஒரு பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"இல்லைப் பிள்ளை. நெருப்பு நூந்திட்டுதோ எண்டு பாக்கிறன்."

"மழையெல்லோ பெய்யுது! பேந்தென்ன பாக்கக் கிடக்கு?"

மழையைக்கூட நம்பாத ஒரு மனுசியோடு காடு சுற்றிய கதையை மழைக்குள் நின்று ஒருத்திக்குச் சொல்லிவிட முடியாது. புறங்கையைச் சாம்பலில் வைத்தேன். மேலே குளிர்ந்திருந்தது. கையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டேன். அடியில் சூடு, ஒரு மிருகத்தின் வயிற்றைப் போல.

"ஒரு வாளி தண்ணி கொண்டா பிள்ளை."

மழைக்குள் தண்ணீர் கேட்ட என்னை அவள் விசரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். ஆனாலும் கொண்டுவந்தாள்.

மழையை நம்பாத அந்த மனுசியை எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் எந்தப் பெண்ணும் மிஸிதான். ஞானஸ்நானத்தன்று அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது அவருடைய மெதடிஸ்தக் கோயிலுக்கும் அவருடைய மகளுக்கும் உரியது, இங்கே வேண்டாம். ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் அறைதான் அவருடைய ராச்சியம். நான் ஆணி ஏறிய காலோடு அந்த அறைக்குப் போன நாளில்தான் அவரைக் கண்டேன். காலைக் கழுவிக்கொண்டே, "நீர் நடக்கிற ஆள் போலை கிடக்கு. உள்ளங்கால் சொல்லுது" என்றார். நான் ஓம் என்றேன். "அப்ப காயம் மாறினாப் பிறகு எங்களோடை வாரும். காட்டுக்குப் போறனாங்கள்."

மிஸி இப்போது இல்லை. ரொறன்ரோவில் ஒரு பனிக்காலத்தில், தீயே இல்லாத ஒரு வீட்டில் போய்ச் சேர்ந்தார். முதலில் ஒரு காலை வெட்டி எடுத்தார்களாம். மகள் தொலைபேசியில் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு நின்ற இடத்தில், என் அடுப்பில், பால் பொங்கி வழிந்து நெருப்பை நூர்த்தது. அதைக்கூட நான் பார்க்கவில்லை.

காடு என்றால் பெரிய மரங்கள் நெருங்கி நிற்கிற வன்னிக் காடு இல்லை. பருத்தித்துறையிலிருந்து கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு போனால் மணற்காடு வரும். வெள்ளை மணல் மலைகள், அவற்றின் முதுகுக்குப் பின்னால் சவுக்கங்காடு, பிறகு ஒன்றுமில்லை, பிறகும் ஒன்றுமில்லை, வானமும் உப்புநீரும் வெளிநாட்டுப் பறவைகளும். அந்த ஒன்றுமில்லாததைப் பார்க்கத்தான் போனோம். மிஸி, நான், வான் ஓட்டும் யோகண்ணை. யோகண்ணையின் ஆட்கள் எல்லோரும் கடலோடிகள். அவர் மட்டும் கடலை விட்டுவிட்டு வான் வாங்கியவர். வெளிக்கிடும்போது சில்லுக்கு முன்னால் பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம் கொளுத்துவார். அது எரிந்து முடியும்வரை மிஸி வானுக்குள் ஏற மாட்டார். பக்தி என்று நினைக்க வேண்டாம். கற்பூரம் எரிந்த இடத்தைச் சப்பாத்தால் தேய்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

"மிஸி, பிள்ளையாரை மிதிக்கிறியள்!"

"பிள்ளையார் எழும்பிப் போயிட்டார். நெருப்புத்தான் கிடக்கு."

மிஸி எப்போதும் சப்பாத்தோடுதான் இருந்தார். வெள்ளை கன்வஸ் சப்பாத்து. அந்த மணலில், கால் புதைவதற்கென்றே படைக்கப்பட்டது போன்ற அந்த மணலில், நானும் யோகண்ணையும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவோம். அவர் கழற்ற மாட்டார். மிசன் பள்ளிக்கூடத்து வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

காட்டில் இறங்கியதும் முதலில் இடம் பார்ப்பார். அதுதான் நீளமான வேலை. வேறு நாட்டில் காற்றையும் தலைக்கு மேல் உள்ள கிளையையும் பார்த்தால் போதுமாயிருக்கும். எங்கள் மண்ணில் அடியையும் நினைக்க வேண்டும். சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளைக் கழற்றி வருசக் கணக்காகிவிட்டது. கண்ணிவெடி கிண்டியவர்கள் எல்லாம் எடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மிஸி அவர்களையும் நம்பவில்லை. நெருப்பின் சூடு கீழே இறங்கும், இறங்கி எதைப் போய்த் தொடும் என்று ஆருக்குத் தெரியும் என்பார். ஆகவே மாடு படுத்த இடம் தேடுவார். மணல் குழிந்து, சாணி காய்ந்து, மாட்டின் வயிற்றுத் தடம் இன்னும் கிடக்கிற இடம்.

"இரவிரவாய் உருண்டு பிரண்டு படுத்து எழும்பியிருக்குது. அதுக்கு ஒண்டும் நடக்கேல்லை. எங்களுக்கும் நடக்காது."

"சாணி நாறுது மிஸி."

"காய்ஞ்ச சாணி நாறாது. உம்மடை மூக்குத்தான் நாறுது. எடுத்து ஓரமாய்ப் போடும், எரிக்கலாம்."

பிறகு கூட்டுவார். சவுக்கஞ் சருகு மயிரைப் போல மெல்லியது, மெத்தை மெத்தையாகக் கிடக்கும். நெருப்பு அதற்குள் புகுந்தால் மேலே ஒரு புகையும் காட்டாது. அடியால் ஊர்ந்து போய், நாங்கள் வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்கும்போது எங்கோ ஒரு மரத்தின் காலடியில் எழும்பும். ஆகவே ஈர மணல் தெரியுமட்டும் வழித்துத் தள்ளுவார், இரண்டு பேர் கையை விரித்து நிற்குமளவுக்கு. நான் ஒருமுறை அழகுக்காக முருகைக்கற்களைப் பொறுக்கி வந்து வட்டமாக வைத்தேன். அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்தார். "கடல் தண்ணி குடிச்ச கல்லு. சூடேறினால் வெடிக்கும். உம்மடை கண்ணுக்கு நான் என்னெண்டு மருந்து கட்டுறது?"

அவர் மூட்டும் நெருப்பு சிறியது. கேத்தில் குந்துமளவு. அடியில் பன்னாடை, பனைமட்டைகளுக்கிடையில் வலைபோல விரிந்திருக்கும் அந்தச் சல்லடைத் துணி. ஒரு குச்சியில் பற்றிக்கொள்ளும். அதற்கு மேல் சுள்ளி. சுள்ளி சிவந்த பிறகு ஊமல். கிழங்கு பிடுங்கியபின் மிஞ்சும் பனங்கொட்டை ஓட்டைத்தான் நாங்கள் ஊமல் என்கிறோம். ஊமல் அவசரப்படாது. வெளியே கறுத்துச் செத்ததுபோலக் கிடக்கும், உள்ளே சிவந்து நெடுநேரம் இருக்கும். "உது கள்ளன்" என்பார் மிஸி. "உதை மட்டும் ஒருக்காலும் நம்பாதையும்."

வானின் பின்பக்கத்தில் ஒரு மஞ்சள் கான் நிறையத் தண்ணீர் வரும். அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். அதைக் குடிக்கக் கூடாது. ஒருநாள் பங்குனி வெயிலில் எங்கள் போத்தல்கள் எல்லாம் முடிந்து, யோகண்ணையின் நாக்கு வெளியே வந்துவிட்டது.

"மிஸி, ஒரு மிடறு."

"அது நெருப்பின்ரை தண்ணி."

"நான் மனிசனெல்லோ?"

"நீர் பருத்தித்துறையிலை போய்க் குடிப்பீர். நெருப்பு எங்கை போய்க் குடிக்கும்?"

யோகண்ணை வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "உங்கடை ஆண்டவர் ஒருக்கால் பற்றைக்குள்ளை நெருப்பாய் வந்து நிண்டவராமெல்லே. நல்ல காலம் மிஸி, நீங்கள் அங்கை இல்லை. அவரையும் தண்ணி ஊத்திக் கிண்டிவிட்டிருப்பியள்."

மிஸி சிரித்தார். அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவது? வயிற்றிலிருந்து கிளம்பி, தோளைக் குலுக்கி, கண்ணில் தண்ணீராக முடிகிற சிரிப்பு. காயம் கட்டும் அறையில் அதைக் கேட்டவர்கள் இல்லை. காட்டில் மட்டும்தான்.

நூர்க்கும்போது சிரிக்க மாட்டார். தேத்தண்ணி குடித்து முடித்து, விறகு தானாகச் சாம்பலாகும்வரை காத்திருப்பார். குச்சியால் பரப்புவார். தண்ணீரை மேலிருந்து கொட்டாமல், நோயாளிக்குப் பருக்குவது போலச் சுற்றிவரச் சரிப்பார். சீறும். கிண்டுவார். ஊமல்களைப் பிரட்டி, வயிற்றைக் காட்டச் சொல்லி, அதற்குள்ளும் ஊற்றுவார். மீண்டும் கிண்டுவார். சத்தம் முழுக்க அடங்கிய பிறகு முழங்காலில் இருந்து, வலது புறங்கையைச் சாம்பலின் மேல் வைத்துக் கண்ணை மூடுவார். உதடு அசையும். பரமண்டல செபம். அவருக்கு அதுதான் மணிக்கூடு. ஆமென் வந்த பிறகுதான் கை எழும்பும்.

"ஆறிட்டுது. வாருங்கோ."

அந்த வார்த்தை வரும்வரை யாரும் வானில் ஏற முடியாது. மழை இருட்டிக்கொண்டு வந்தாலும்.

யோகண்ணைக்கு இது பெரிய பகிடி. "எங்கடை ஆக்கள் கரையிலை எத்தினை நெருப்பு மூட்டியிருப்பினம். காலாலை ரெண்டு தள்ளு மண். முடிஞ்சுது அலுவல். மணலுக்கை நிண்டுகொண்டு தண்ணி காவுற ஆள் உலகத்திலை நீங்கள் ஒராள்தான்."

"மண் நெருப்பை நூர்க்காது யோகன். போர்த்துப் படுக்கவைக்கும்."

பிறகு ஒரு கதை சொன்னார். ஒரே ஒருமுறைதான் சொன்னார், எங்கள் முகத்தைப் பார்க்காமல். கடற்கரையில் யாரோ மீன் சுட்டுத் தின்றுவிட்டு மண்ணால் மூடிப் போயிருக்கிறார்கள். அடுத்த நாட் காலை, மீன் பெட்டியோடு ஒரு பெண் அதற்கு மேலால் நடந்திருக்கிறாள். மணல் அடுப்பைப் போலச் சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலில் உணர்வு செத்து எவ்வளவோ காலம். சுட்டது அவளுக்குத் தெரியவில்லை. சந்தைக்கு நடந்து போய், மீன் முழுவதையும் விற்று முடித்த பிறகு, மீன் வாங்க வந்தவள் ஒருத்திதான் காலைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள்.

"என்னட்டைத்தான் வந்தவ. மாதக் கணக்காய்க் கட்டினன். அந்தக் காலை எனக்கு விரல் விரலாய்த் தெரியும். கடைசியிலை முழங்காலுக்குக் கீழை எடுத்தாச்சு." குச்சியால் மணலைக் கீறினார். பிறகு, "நூர்க்காமல் போனவை ஆரெண்டு அவவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவையளுக்கும் தெரியாது. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு" என்றார்.

அன்றைக்கு யோகண்ணை ஒரு பகிடியும் விடவில்லை. தானாகவே கானைத் தூக்கி வந்தார்.

மிஸிக்கும் சீனி வருத்தம் இருந்தது. எங்கள் ஊரில் யாருக்கு இல்லை? வெறும் தேத்தண்ணிதான் குடிப்பார். ஆனால் கைப்பைக்குள்ளிருந்து ஒரு துண்டு பனங்கட்டி வெளியே வரும், ஒரு கடி, ஒரு மிடறு.

"உதென்ன மிஸி? ஆஸ்பத்திரியிலை எங்கடை சனத்துக்குச் சொல்லுறது என்ன, இஞ்சை செய்யிறது என்ன?"

"அது வாட்டிலை. இது காட்டிலை."

அவருக்குத் தெரியாதா? எங்கள் சனம் முழுக்கப் பனங்கட்டியைச் சீனியென்று ஒத்துக்கொள்வதில்லை. பனையிலிருந்து வருவது எங்களுக்குத் தீங்கு செய்யாது என்று ஒரு செல்லம். அந்தச் செல்லத்தால் வந்த புண்களையெல்லாம் கழுவிக் கட்டியவர் அவர். கட்டிய கையாலேயே கடித்தார். அறிவு ஒரு பக்கம் இருக்க ஆசை வேறு பக்கம் குந்தியிருந்து பனங்கட்டி தின்னும். 

ரொறன்ரோவிலிருந்து மகள் காட்டுக்குள்ளும் கூப்பிடுவாள். சவுக்க மரங்களுக்கிடையில் சிக்னல் வருவதும் போவதுமாக, அந்தக் குரல் துண்டு துண்டாக விழும்.

"அம்மா, விசா குத்தியாச்சு. இனி என்னத்துக்கு அங்கை தனிய? வெளிக்கிடுங்கோ."

"கைகால் சுகமாய்க் கிடக்குமட்டும் நான் இஞ்சைதான் பிள்ளை. அது போற அண்டைக்கு நானே சொல்லுவன். நீ ஆக்கினை தராதை."

அதுதான் அவர்களுக்கிடையில் ஒப்பந்தம். அம்மா பொய் சொல்ல மாட்டார் என்று மகள் நம்பினாள். நாங்களும் நம்பினோம். மிஸி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இன்னும் அடிக்கடி காடு போனோம். அந்த வெள்ளை மணலில் அவர் நின்ற ஒவ்வொரு காலைப்பொழுதும், ரொறன்ரோவுக்குப் போகாமல் இருப்பதற்காகத் தனக்குத் தானே எடுத்துக்கொண்ட ஒரு பொழுது. இதை நான் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குத் தேத்தண்ணியும் பறவையும்தான்.

தை மாதம். மணலில் இன்னும் பனி ஈரம். நீரிலிருந்து பறவைகள் ஒரே துணியை உதறியது போல எழும்பியதைப் பார்த்துவிட்டு வந்து, மாடு படுத்த ஒரு குழியில் நெருப்பு மூட்டி, தேத்தண்ணி குடித்தோம். வெயில் ஏறியது. மிஸி வழமைபோல நூர்த்தார். பரப்பினார், சரித்தார், கிண்டினார், பிரட்டினார், மறுபடி சரித்தார். கானின் அடியில் ஒரு செம்பளவு தண்ணீர் குலுங்கியது. முழங்காலில் இருந்தார். கையை வைத்தார். உதடு அசையத் தொடங்கியது.

நான் பாயை மடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் முதலில் மணந்தது. சாம்பல் மணம் இல்லை. மயிர் பொசுங்குகிற மணம்.

திரும்பிப் பார்த்தேன். மிஸியின் முகம் அமைதியாக இருந்தது. கண் மூடியிருந்தது. உதடு பாதிச் செபத்தில் நின்றது. புறங்கையின் ஓரத்தால் நூல்போல ஒரு புகை ஏறிக்கொண்டிருந்தது.

"மிஸி, கை!"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. மற்றக் கையைத் தூக்கி, பொறும் என்று காட்டினார். இன்னும் ஆமென் வரவில்லை.

நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். கை இருந்த இடத்தில் ஓர் ஊமல் பிளந்து கிடந்தது. உள்ளே செக்கச் சிவப்பு. அவருடைய விரல் மொழிகளில் தோல் வெள்ளையாகிச் சுருண்டிருந்தது. மிஸி கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்தார். தன்னிடம் கொண்டுவரப்படும் எந்தக் காயத்தையும் பார்ப்பது போல வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். யாருடைய கை என்று தேடுவதுபோல.

பிறகு சொன்னார். "யோகன், மிச்சத் தண்ணியை ஊத்தும்."

யோகண்ணை ஓடிவந்து கானைக் கவிழ்த்து அவர் கையில் ஊற்றினார்.

"எனக்கில்லை! நெருப்புக்கு!"

"நெருப்பு நாசமாய்ப் போகட்டும்!" யோகண்ணை கத்தினார். மிஸிக்கு முன்னால் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கடைசிச் சொட்டுவரை அந்தக் கையில் ஊற்றினார். பிறகு, தெரியாமல்தான், யோசியாமல்தான், அவருடைய பாட்டனும் பூட்டனும் செய்த மாதிரி, காலால் மண்ணைத் தள்ளி அந்த ஊமலை மூடினார்.

மிஸி அப்படியே மணலில் இருந்துவிட்டார்.

"மண்ணை எடும். உது நூராமல் நான் இந்த இடத்தாலை எழும்ப மாட்டன்."

"தண்ணி இல்லை மிஸி. ஆஸ்பத்திரிக்குப் போவம். கையைப் பாருங்கோ!"

"கடல் கிடக்கு."

யோகண்ணை கானைத் தூக்கிக்கொண்டு மணல் மலையில் ஏறி ஓடினார். நாங்கள் இருவரும் இருந்தோம். என் சால்வையை நனைந்த கையில் சுற்றினேன். அவர் முனகவில்லை, அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சுடேல்லை" என்றார். எனக்கா, தனக்கா தெரியாது. "ஒண்டுமே சுடேல்லை."

யோகண்ணை மார்பளவு நனைந்து வந்தார். கண்ணும் நனைந்திருந்தது. மண்ணைக் கையால் வழித்து, ஊமலை வெளியே எடுத்து, கடலை அதன் வயிற்றுக்குள் ஊற்றினார். சீறியது. கிண்டினார். மீண்டும் ஊற்றினார். அவ்வளவு வடிவாக அவர் ஒருநாளும் நூர்த்ததில்லை.

மிஸி சாம்பலைப் பார்த்தார். சுற்றிய கையைத் தூக்கினார். தூக்கி, பாதியில் நிறுத்தி, மடியில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"உம்மடை கையை வையும்."

வைத்தேன். கடலின் குளிர்.

"ஆறிட்டுது மிஸி."

"அடியிலை?"

"அடியிலையும்."

"வடிவாப் பாத்தனீரே?"

"ஓம்."

"சத்தியமே?"

சத்தியம் பண்ணுவது பாவம் என்று எங்களைத் திருத்துகிறவர் அவர். ஓம் என்றால் ஓம், இல்லையென்றால் இல்லை, அதுக்கு மேலை கதையாதையும் என்பவர். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தபோது சவுக்கங்காடு முழுவதும் ஒரு கணம் காற்றை நிறுத்தியது போல இருந்தது எனக்கு.

"சத்தியமாய்."

எழும்பினார். வானுக்கு நடந்தார். எங்களை வாருங்கோ என்று சொல்லவில்லை.

வானுக்குள்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் நைலோன் நூல் ஒன்று இருக்கும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே அதால் தொட்டு, தெரியுதோ தெரியுதோ என்று கேட்பார்கள். தெரியாத இடம் செத்த இடம்.

"கால் எப்பவோ போச்சு. சப்பாத்து அதுக்குத்தான் போட்டனான். கை போகாதெண்டு நினைச்சன். வேலையை விடுற மாதம் அறைக் கதவைச் சாத்திப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நானே என்ரை கையிலை நூலை வைச்சுப் பாத்தன். மற்றக் கையாலை நானேயெல்லோ வைக்கிறன்? எங்கை வைக்கிறன் எண்டு எனக்குத் தெரியுந்தானே. ஒவ்வொரு இடத்துக்கும் ஓம் ஓம் எண்டு சொன்னன்." யன்னலுக்கு வெளியே பார்த்தார். "வேறை ஒராளைக் கொண்டு வைப்பிச்சிருக்கலாம். வைப்பிக்கேல்லை."

யோகண்ணை வேகத்தைக் கூட்டினார். தார் வீதி வந்ததும் மிஸி தொலைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினார், நம்பர் அமத்தித் தரச் சொல்லி. அங்கே நடுச்சாமமாக இருந்திருக்கும். மகள் பதறிக்கொண்டு எடுத்தாள்.

"பிள்ளை, பயப்பிடாதை. கை போச்சு. ரிக்கற்றைப் போடு."

அவ்வளவுதான். இவ்வளவு காலம் பிடித்துவைத்திருந்த கதவை அவரே திறந்துவிட்டார், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல். பொய் சொல்லியிருக்கலாம். நாங்கள் இருவரும் வாயைத் திறந்திருக்க மாட்டோம். புண்ணை மறைக்க அவருக்குத் தெரியாதா? ஆனால் அடியில் சூடிருக்க எழும்பிப் போக அவரால் ஏலாது, எந்த இடத்திலும்.

அங்கே போன பிறகு ஒருமுறை வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் பெரிய வெள்ளை அடுப்படி. "இஞ்சை அடுப்பிலை நெருப்பே இல்லை, பாரும்" என்று திருப்பிக் காட்டினார். "சிவக்குது, கறுக்குது. அவ்வளவுதான். ஊதவும் ஒண்டுமில்லை, நூர்க்கவும் ஒண்டுமில்லை." யோகண்ணையைக் கேட்டார். மணற்காட்டுக்குப் போகிறீர்களா என்று கேட்டார். போகிறோம் என்றேன். போகவில்லை. இரண்டு பேரும் ஒருமுறை வெளிக்கிட்டு, பாதி வழியில் குடத்தனைச் சந்தியில் வானைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

ரொறன்ரோவுக்குப் போவதற்கு முந்திய கடைசி நாட்களை அவர் சாவகச்சேரியில் தங்கையின் வீட்டில் கழித்தார். அங்கிருந்து காலை ரெயிலில் கொழும்பு. யோகண்ணையும் நானும் வழியனுப்பப் போனோம். யோகண்ணை ஸ்ரேசன் வாசலோடு நின்றுகொண்டார், வானை இந்த இடத்தில் விட்டால் பொலிஸ் பிடிக்கும் என்று. பொலிஸ் ஒருத்தரும் அங்கே இல்லை. தங்கையின் கணவர் பெட்டிகளை மேல்தட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். மிஸி யன்னல் ஓரத்தில் இருந்தார். நீலச் சேலை. கோயிலுக்குக் கட்டுகிற சேலை. புறங்கையில் காயம் மாறி, புதுத் தோல் ரோஸ் நிறமாய் மினுங்கியது.

"யோகன் எங்கை?"

"வானடியிலை நிக்கிறார். வரமாட்டாராம்."

"அழுறாரோ?"

"கண்ணாடி துடைக்கிறார்."

சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான், வயிற்றிலிருந்து கிளம்பி வருகிற அதே சிரிப்பு. தோள் குலுங்கியது. ரெயில் பெட்டிக்குள் இருந்த சனம் திரும்பிப் பார்த்தது. அந்தக் குலுக்கலில் அவருடைய வலது கை யன்னல் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கியது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கையை இரண்டு கையாலும் எடுத்தேன். பிடித்தேன். இன்னும் இறுக்கிப் பிடித்தேன், நகங்கள் வெளிறுமட்டும். அது குளிர்ந்திருந்தது. பெட்டி ஒருமுறை அதிர்ந்தது. முன்னால் எங்கோ எஞ்சின் ஊதியது. மிஸி என் கண்ணையே பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது, ஒரு பொல்லாத கோபமும் அதில் இருந்தது.

"என்ன நீர், மரம் மாதிரி நிக்கிறீர்? வெளிக்கிடப் போகுதெல்லே. கையை ஒருக்காத் தாருமன்."